சின்னக் காரா? ஹைபிரிட் காரா?
பெட்ரோலை மிச்சம் பிடிக்க எது நல்லது? தென்காசிக் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

கார் வாங்குவது இப்போது பெரிய விஷயம் அல்ல. எந்தக் காரை வாங்குவது என்பதுதான் பெரிய விஷயம்!

தென்காசிக் கடைத்தெருவில் புதுக் கார் ஒன்று வந்து நின்றால், சுற்றி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது?" என்பதுதான். விலையைக்கூட இரண்டாவதாகத்தான் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு இப்போது இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, சின்னக் கார். விலை குறைவு, எடை குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. மற்றொன்று, ஹைபிரிட் கார். பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்.

இரண்டுமே "சிக்கனம்" என்றுதான் விளம்பரம் செய்யப்படுகின்றன. எந்தச் சிக்கனம் உண்மையில் பையில் பணமாக மிஞ்சும்?

ஐம்பதாயிரம் ரூபாய்க் கார்

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. சாலையில் ஓடியவை அம்பாசடர், பியட், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றே மூன்றுதான். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி நிலைமை மாறியது. முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். விலை சுமார் 50 ஆயிரம் ரூபாய். நடுத்தரக் குடும்பம் கார் பற்றிக் கனவு காணத் தொடங்கியது அன்றுதான்.

1998-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 2000-ல் மாருதி ஆல்டோ வந்தது. 2009-ல் டாட்டா நானோ வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே ஸ்கூட்டரில் மழையில் நனைந்து போனதைப் பார்த்துத்தான் ரத்தன் டாட்டாவுக்கு அந்த எண்ணம் பிறந்தது. ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று உலகமே பேசியது.

ஆனால் நானோ நிலைக்கவில்லை. 2018-ல் அதன் உற்பத்தி நின்றது. மாருதி 800 அதற்கு முன்பே, 2014-ல் நின்றுவிட்டது.

அதன்பின் சின்னக் கார்களுக்கே இறங்குமுகம். 2015-16-ம் ஆண்டில் 5 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கார்கள் நாட்டில் 9 லட்சத்துக்கு மேல் விற்றன. 2024-25-ல் விற்றவை சுமார் 25 ஆயிரம்தான்! காற்றுப்பை, புகைக் கட்டுப்பாடு என்று புதிய விதிகள் வந்தன. விலை ஏறியது. ஸ்கூட்டரில் போன குடும்பம் ஸ்கூட்டரிலேயே நின்றுவிட்டது.

வரி குறைந்தது

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் சரக்கு-சேவை வரி மாற்றி அமைக்கப்பட்டது. சின்னக் கார்களுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமாகக் குறைந்தது. மேல்வரியும் நீங்கியது.

எது சின்னக் கார்? அதற்கு அரசாங்கம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. பெட்ரோல் கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் 1,200 சி.சி.க்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தாண்டினாலும் வரி 40 சதவீதம்! மின்சாரக் காருக்கு 5 சதவீதம் மட்டுமே.

இந்த வரிக் குறைப்புக்குப் பின் ஆல்டோ கே10 காரின் தொடக்க விலை சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்க்கு இறங்கியது. வேகன் ஆர் சுமார் 5 லட்சத்தில் தொடங்கியது. ஷோரூம் விலைதான் இது. சாலை வரியும் இன்சூரன்சும் தனி.

ஹைபிரிட் காருக்கு என்ன ஆயிற்று? அங்கேதான் வேடிக்கை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஹைபிரிட் என்றால் என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

ஒரு வண்டி, இரண்டு மாடு

இரட்டை மாட்டு வண்டியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஹைபிரிட் காரும் அப்படித்தான். ஒரு மாடு பெட்ரோல் எஞ்சின். இன்னொரு மாடு மின்சார மோட்டார்.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நின்று நின்று போகும்போதும், ஊர்ந்து போகும்போதும் அது பெட்ரோலை வீணாக்கும். கார் நகராமல் நின்றால்கூடக் குடித்துக்கொண்டே இருக்கும். மின்சார மோட்டார் அப்படி அல்ல. நின்றால் செலவே இல்லை. புறப்படும்போது நல்ல இழுவை கொடுக்கும்.

ஆகவே, மெதுவாகப் போகும்போது மோட்டார் இழுக்கும். வேகம் எடுத்ததும் எஞ்சின் சேர்ந்துகொள்ளும். எந்த மாடு எப்போது இழுக்க வேண்டும் என்பதைக் காரில் உள்ள கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது? வீட்டில் செருகிச் சார்ஜ் செய்ய வேண்டியது இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் வேகம் மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் அப்போது டைனமோவாக மாறி மின்சாரம் தயாரிக்கும். அது பாட்டரியில் சேரும். சாதாரணக் காரில் வெறும் சூடாகப் போகும் சக்தி, இதில் திரும்பக் கிடைக்கிறது. போதாததற்கு எஞ்சினும் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்.

உலகில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் ஹைபிரிட் கார் டொயோட்டா பிரியஸ். 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. இந்தியாவில் 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வந்தது. விலை அதிகம், விற்பனை குறைவு. 2022-ல் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகிய ஹைபிரிட் கார்கள் வந்த பிறகுதான் சாதாரண ஊர்களிலும் இந்தப் பேச்சு எழுந்தது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஹைபிரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் முழு ஹைபிரிட் அல்ல!

"மைல்டு ஹைபிரிட்", "ஸ்மார்ட் ஹைபிரிட்" என்ற பெயரிலும் கார்கள் விற்கின்றன. அவற்றில் உள்ள மோட்டார் மிகச் சிறியது. எஞ்சினுக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் தனியாகக் காரை நகர்த்த முடியாது. முழு ஹைபிரிட் காரில் மோட்டார் மட்டுமே காரைச் சிறிது தூரம் இழுத்துச் செல்லும்.

வாங்கும்போது, "எஞ்சினை நிறுத்திவிட்டு மோட்டார் மட்டும் காரை ஓட்டுமா?" என்று கேளுங்கள். "ஓட்டும்" என்றால் முழு ஹைபிரிட். பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளலாம்!

அடேயப்பா, 140 ஆண்டு!

இப்போது கணக்குக்கு வரலாம்.

கம்பெனிகள் அறிவித்துள்ள சோதனைக் கணக்குப்படி, ஆல்டோ கே10 லிட்டருக்கு 24 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம் ஓடும். வேகன் ஆர் சிறிய எஞ்சின் காரும் ஏறக்குறைய அதே அளவுதான். முழு ஹைபிரிட் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டும் ஏறக்குறைய 28 கிலோ மீட்டர். வித்தியாசம் 4 கிலோ மீட்டர்தான்!

ஒரு தென்காசிக் குடும்பம் மாதம் 1,000 கிலோ மீட்டர் கார் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12 ஆயிரம் கிலோ மீட்டர். பெட்ரோல் விலை, கணக்குச் சுலபமாக இருக்க, லிட்டர் 100 ரூபாய்.

சின்னக் காருக்கு ஆண்டுக்கு 500 லிட்டர் வேண்டும். ஹைபிரிட் காருக்குச் சுமார் 429 லிட்டர் போதும். மிச்சம் 71 லிட்டர். பணமாகச் சொன்னால் ஆண்டுக்குச் சுமார் 7,100 ரூபாய். மாதம் 600 ரூபாய்!

விலை வித்தியாசம் எவ்வளவு? 6 லட்சம் ரூபாயில் ஒரு நல்ல சின்னக் கார் கிடைக்கிறது. முழு ஹைபிரிட் கிராண்ட் விட்டாராவுக்கு 16 லட்சத்தைத் தாண்ட வேண்டும். வித்தியாசம் 10 லட்சம்.

ஆண்டுக்கு 7,100 ரூபாய் மிச்சம் பிடித்து 10 லட்சத்தை ஈடுகட்ட எத்தனை ஆண்டு ஆகும்? 140 ஆண்டு! பேரனின் பேரன்தான் லாபத்தைப் பார்க்க முடியும்.

அந்த 10 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 16 ஆயிரம் ரூபாய். பெட்ரோலில் மிச்சம் 600, தவணையில் செலவு 16 ஆயிரம்!

சோதனைக் கணக்கு வேறு, சாலைக் கணக்கு வேறு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். நெரிசலில் சின்னக் கார் 15 கிலோ மீட்டர்தான் கொடுக்கிறது, ஹைபிரிட் 25 கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆண்டுக்கு 32 ஆயிரம் ரூபாய் மிஞ்சும். அப்படியும் 10 லட்சத்தை ஈடுகட்ட 31 ஆண்டு ஆகும்.

அப்படியானால் ஹைபிரிட் வீணா?

இல்லை. ஒப்பிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஹைபிரிட் கார் பெரிய கார். ஆகவே அதைப் பெரிய பெட்ரோல் காருடன் ஒப்பிட வேண்டும். அதே கிராண்ட் விட்டாரா சாதாரண பெட்ரோல் வகையில் லிட்டருக்குச் சுமார் 21 கிலோ மீட்டர். ஹைபிரிட் வகையில் 28. இரண்டுக்கும் விலை வித்தியாசம் 2 லட்சம் ரூபாய் என்று கொண்டால், மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓட்டுபவருக்கு அதை ஈடுகட்ட 14 ஆண்டு ஆகும். அப்போதும் லாபம் இல்லை.

ஆனால் வாடகைக் கார் ஓட்டுபவரின் கணக்கு வேறு. ரெயில் நிலையம், அருவி, திருவனந்தபுரம் விமான நிலையம், மதுரை என்று மாதம் 5,000 கிலோ மீட்டர் ஓடினால், ஆண்டுக்குச் சுமார் 71 ஆயிரம் ரூபாய் மிஞ்சும். மூன்றே ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் லாபம்.

ஆகவே காரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஓடும் தூரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சாரலும் மலைப்பாதையும்

ஓடும் பாதையையும் பார்க்க வேண்டும். தென்காசி வட்டாரத்தில் மூன்று விதமான பாதைகள் இருக்கின்றன.

முதலாவது, சீசன் காலத்துக் குற்றாலம். ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கார்கள் எறும்புபோல ஊரும். ஹைபிரிட் காருக்கு ஏற்ற இடம் இதுதான். எஞ்சின் பெரும்பாலும் ஓய்வில் இருக்கும். ஆனால் உள்ளூர்க் குடும்பம் இப்படி ஊர்வது ஆண்டில் சில நாட்கள்தானே?

இரண்டாவது, திருநெல்வேலிச் சாலை. ஒரே சீரான வேகத்தில் போகும் பயணம். பிரேக் குறைவு. ஆகவே திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் குறைவு. இங்கே ஹைபிரிட் காரின் ஆதாயம் சுருங்கும். எடை குறைந்த சின்னக் கார் நன்றாக ஈடுகொடுக்கும்.

மூன்றாவது, செங்கோட்டை மலைப்பாதை. புளியரையில் எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர், கொல்லம் போகும் சாலை. ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் சின்ன எஞ்சின் திணறும். கியரைக் குறைத்துப் பொறுமையாக ஏற வேண்டும். ஹைபிரிட் காரில் மோட்டார் தோள் கொடுப்பதால் ஏற்றம் சுலபம்.

இறங்கும்போது? பிரேக் சக்தி மின்சாரமாகும். ஆனால் அளவுக்கு மேல் அல்ல. கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் காரின் பாட்டரி 0.76 யூனிட் மின்சாரம்தான் பிடிக்கும். ஒரு யூனிட்கூட இல்லை! நீண்ட இறக்கத்தில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். குடம் நிரம்பிய பின் அருவி கொட்டினால் என்ன பயன்? மீதி வழிந்துதான் போகும்.

நான்கு மீட்டர்க் கயிறு

ஹைபிரிட் கார் ஏன் இத்தனை விலை? மோட்டாரும் பாட்டரியும் ஒரு காரணம். வரி இன்னொரு காரணம்.

கிராண்ட் விட்டாரா 4.3 மீட்டர் நீளம். எஞ்சின் ஏறக்குறைய 1,500 சி.சி. இரண்டு அளவையும் தாண்டுகிறது. ஆகவே வரி 40 சதவீதம். பெட்ரோலைக் குறைவாகக் குடித்தாலும், அதிகமாகக் குடித்தாலும் வரி ஒன்றுதான்!

சாலை வரியும் அப்படியே. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, 5 முதல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 6 லட்சம் ரூபாய்க் காருக்கு 78 ஆயிரம் ரூபாய் வரி. 16 லட்சம் ரூபாய்க் காருக்கு 2 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய் வரி! உத்தரப்பிரதேசத்திலோ 2024 ஜூலையில் முழு ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியையே தள்ளுபடி செய்தார்கள்.

சின்ன ஹைபிரிட் கார் செய்ய முடியாதா? முடியும். 2011-ல் ஜப்பானில் டொயோட்டா அக்வா வந்தது. நீளம் 4 மீட்டருக்கு அரை அங்குலம்கூடக் குறைவில்லை. ஆனாலும் கயிற்றுக்குள் அடங்குகிறது! எஞ்சின்தான் 1,500 சி.சி. இந்திய அளவுகோல் வைத்தால் அதற்கும் 40 சதவீத வரிதான்.

கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரிச் சலுகை இருந்தது. பிரியஸ், அக்வா, ஹைபிரிட் வேகன் ஆர் ஆகியவை ஏராளமாக வந்து இறங்கின. 2020 மார்ச்சில் அன்னியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பிப்ரவரியில்தான் மறுபடியும் கதவு திறந்தது. எந்தக் காரை மக்கள் வாங்குகிறார்கள் என்பதைக் கம்பெனிகளைவிட வரிச் சட்டமே அதிகம் தீர்மானிக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இந்தியாவில் 2025 முடிவு வரை விற்ற முழு ஹைபிரிட் கார்களில், 4 மீட்டருக்குள் அடங்கும் கார் ஒன்றுகூட இல்லை. 1,200 சி.சி.க்குள் எஞ்சினும், 4 மீட்டருக்குள் நீளமும் கொண்ட ஹைபிரிட் கார் வந்தால் அதற்கு வரி 18 சதவீதம்தான். அன்று இந்தக் கணக்கு முழுவதையும் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

இன்னொரு சண்டையும் நடந்தது. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் அனைத்தும் சராசரியாக எவ்வளவு புகை விடலாம் என்பதற்கு மத்திய அரசின் விதி உண்டு. 2027 ஏப்ரலில் தொடங்கும் அடுத்த கட்டத்துக்கு 2025 செப்டம்பரில் ஒரு வரைவு வந்தது. 909 கிலோவுக்குள் எடை உள்ள சின்னக் கார்களுக்கு அதில் சலுகை காட்டப்பட்டது. சின்னக் கார்களை அதிகம் விற்கும் மாருதி வரவேற்றது. மற்றப் பெரிய கம்பெனிகள் எதிர்த்தன. எடை குறைந்த காருக்குச் சலுகை தேவையா, பாதுகாப்பு என்ன ஆகும் என்பதே வாதம்.

உயிருக்கு விலை உண்டா?

பாதுகாப்பு என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. 2023-ல் "குளோபல் என்கேப்" நடத்திய மோதல் சோதனையில் ஆல்டோ கே10 பெரியவர் பாதுகாப்புக்கு 5-ல் 2 நட்சத்திரமே பெற்றது. வேகன் ஆர் ஒரு நட்சத்திரம் பெற்றது. 2025-ல் இந்த இரண்டு கார்களிலும் 6 காற்றுப்பைகள் எல்லா வகைகளுக்கும் பொதுவாகிவிட்டன. இந்தியாவுக்கே உரிய "பாரத் என்கேப்" சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. நட்சத்திரத்தைக் கேட்காமல் எந்தக் காரையும் வாங்கக் கூடாது.

அதே சமயம் ஒன்றை மறக்கக் கூடாது. சின்னக் காரின் உண்மையான போட்டி ஹைபிரிட் கார் அல்ல. நான்கு பேர் ஏறிய ஸ்கூட்டர்தான்! மழைக் காலத்தில் வழுக்கும் சாலையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவதைவிட, பெல்ட் போட்ட சின்னக் கார் பல மடங்கு மேல்.

மின்சாரக் கார்?

தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியான வின்பாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 4-ந் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். தென்காசிக்குப் பக்கத்துச் சீமைதான். சொந்த வீடு, வீட்டிலேயே நிறுத்த இடம், பெரும்பாலும் உள்ளூர் ஓட்டம் என்றால் மின்சாரக் காரையும் யோசிக்கலாம். ஆனால் வீட்டு மின்சாரக் கட்டணம் யூனிட் ஏற ஏறப் படிப்படியாக உயரும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

1. மாதம் எத்தனை கிலோ மீட்டர் ஓடும்? ஆயிரத்துக்குள் என்றால் சின்னக் காரே சிக்கனம். மூவாயிரத்தைத் தாண்டினால் ஹைபிரிட் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

2. எத்தனை பேர் வழக்கமாகப் போவார்கள்? ஆண்டுக்கு இருமுறை வரும் விருந்தாளிக்காகப் பெரிய கார் வாங்க வேண்டாம். அன்றைக்கு வாடகைக் கார் பிடிக்கலாம். சென்னைக்குப் போகப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

3. முழு ஹைபிரிட்டா, பெயருக்கு ஹைபிரிட்டா?

4. பாட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? ஹைரைடர், கிராண்ட் விட்டாரா கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோ மீட்டர். பழைய ஹைபிரிட் கார் வாங்குபவர் மீதி எவ்வளவு என்று பார்ப்பது அவசியம்.

5. பழுது பார்க்கும் இடம் எங்கே? சின்னக் காரின் உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஹைபிரிட் காருக்குக் கம்பெனி ஒர்க்‌ஷாப்தான் கதி.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பத்து லட்சம் கடன் வாங்குவது சிக்கனம் ஆகாது. அது யானையைக் கட்டித் தீனி போடுவது!

குடும்பத்தின் கணக்கு இதோடு முடிந்துவிடுகிறது. அரசாங்கத்தின் கணக்கு பாக்கி இருக்கிறது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறது. ஒவ்வொரு லிட்டரும் நாட்டின் பணம். அப்படியிருக்க, காரின் நீளத்தை அளந்து வரி போடுவது சரியா? அது குடிக்கும் பெட்ரோலை அளந்து வரி போடுவது சரியா?

நான்கு மீட்டர்க் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, லிட்டர் படியைக் கையில் எடுத்தால், சின்னக் காரும் பிழைக்கும், ஹைபிரிட் காரும் நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வரும்.